உதவிக்குறிப்பின் நீளமும் நேர்மையும்

கட்டளை வரிக் கருவிகளின் உதவிக்குறிப்பு எவ்வளவு விரிவாக இருக்க வேண்டும் என்பது நிரலாளர்களிடையே பழைய விவாதம். சுருக்கமே போதும், விரிவுக்குக் கையேடு இருக்கிறது என்பது ஒரு தரப்பு. எல்லா விருப்பங்களும் திரையில் தெரிந்தாக வேண்டும் என்பது மறுதரப்பு. இருவரும் அளப்பது நீளத்தை. பயனருக்கு இழப்பை உண்டாக்கக்கூடிய செய்தி அதில் இடம்பெற்றிருக்கிறதா என்று கேட்பவர் குறைவு.

கோப்புகளை நகலெடுக்கவும் காப்புப்படி எடுக்கவும் பயன்படும் ஆர்சிங்க் இதற்கு நல்ல சான்று. '--ஹெல்ப்' என்று கேட்டால் நூற்றுக்கும் மேற்பட்ட விருப்பங்கள் வரிசையாக வந்து விழுகின்றன. ஆனால், மூலக் கோப்புறையின் பெயருக்குப் பின் இடும் ஒரு சாய்கோட்டின் பொருள் அங்கே இல்லை. சாய்கோடு இல்லையெனில் அக்கோப்புறையே இலக்கினுள் நகலாகும். இருந்தால் உள்ளடக்கம் மட்டும் நகலாகும். அதனுடன் '--டெலீட்' சேர்ந்தால், மூலத்தில் இல்லாதவை இலக்கிலிருந்து நீக்கப்படும். களப்பதிவுகளை, வேறு தரவுகளும் உள்ள வன்தட்டு ஒன்றுக்கு இவ்வாறு சாய்கோட்டுடன் அனுப்பும் மாணவர் அந்த வேறு தரவுகளை இழப்பார். டேப் விசையால் பெயரை நிரப்பும்போது பாஷ் அச்சாய்கோட்டைத் தானாகவே சேர்த்துவிடும் என்பது ஆபத்தைக் கூட்டுகிறது.

விளக்கம் கையேட்டில் உண்டு என்பது உண்மையே. ஆயினும், ஒன்றைத் தேடிச் செல்வதற்கு, அது தமக்குத் தெரியாது என்பதாவது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

உரையாடலுக்குப் பால் கிரைஸ் வகுத்த அளவு நெறி இங்கே பொருந்தும்: தேவையான அளவு செய்தி தர வேண்டும், மிகையாகத் தரலாகாது. தேவை எது என்பதை உரையாடலின் அந்நேர நோக்கம் தீர்மானிக்கிறது. '--ஹெல்ப்' கேட்பவர் வேலையின் நடுவில் நிற்கிறார். அடுத்த நொடி கட்டளையை இயக்கப்போகிறார்.

கர்ல் 2020இல் இத்திசையில் ஓர் அடி வைத்தது. இருநூறுக்கும் மேற்பட்ட விருப்பங்களை ஒரேயடியாகக் கொட்டிவந்த அக்கருவி, 7.73.0 பதிப்பு முதல் மிகுதியாகப் பயன்படுபவற்றை மட்டும் முதலில் காட்டுகிறது. மற்றவற்றை வகைவாரியாகவோ முழுமையாகவோ கேட்டுப் பெறலாம். கிட் கருவியின் உட்கட்டளைகளிலும் '-எச்' சுருக்கத்தையும் '--ஹெல்ப்' முழுக் கையேட்டையும் தருகின்றன. இப்படிநிலை வரவேற்கத்தக்கது. ஆனால், முதற்படியில் இடம்பெற வேண்டியவற்றைப் பயன்பாட்டு மிகுதி மட்டுமே முடிவு செய்யலாகாது. அரிதாகப் பயன்பட்டாலும் மீட்க முடியாத விளைவைத் தருவது எதுவோ, அதற்கும் அங்கே இடம் வேண்டும்.

எச்சரிக்கைகள் பெருகினால் எவரும் படிக்கமாட்டார் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. அதனால்தான் மீட்க முடியாமை என்ற ஒற்றை அளவுகோல் தேவைப்படுகிறது. ஆர்சிங்குக்கு இரண்டு வரிகள் போதும்: சாய்கோட்டின் பொருள் ஒன்று; '--டெலீட்' இடுமுன் '--டிரை-ரன்' கொண்டு ஒத்திகை பார்க்கச் சொல்வது மற்றொன்று.

இன்று இக்கருவிகளைக் கையாள்வோரில் மொழித்துறை, வரலாற்றுத்துறை மாணவர்களும் உள்ளனர். கேட்டுத் தெளிய அருகில் கணினி வல்லுநர் எவரும் இல்லாத நிலையில், திரையில் தோன்றும் உதவிக்குறிப்பே பலருக்கு ஆசிரியர். 1971இல் வெளிவந்த முதல் யூனிக்ஸ் கையேடு, கட்டளைகளின் அறிந்த குறைகளைக் கூறுவதற்கென்றே தனித் தலைப்பு ஒதுக்கியது. செய்தவர் தமக்குத் தெரிந்த குறையைப் பயன்படுத்துவோரிடம் மறைக்கலாகாது என்ற அந்த நேர்மை, கையேட்டோடு நின்றுவிடாமல் முதல் திரைக்கும் வர வேண்டும்.