சந்தை எங்கே இருக்கிறது?



அஸர் தொழுதுவிட்டு ஓர் ஊர்ப் பள்ளியின் ஹவ்ளு ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வாலிபர் ஸலாம் சொல்லிப் பக்கத்தில் அமர்ந்தார். “ஹஜ்ரத், எனக்கு முப்பத்திரண்டு வயதாகிவிட்டது. எட்டு வருஷம் சவூதியில் இருந்தேன். கம்பெனியில் ஆள் குறைத்தார்கள், வந்துவிட்டேன். சேர்த்த காசு தங்கச்சி கல்யாணத்தோடு சரி. ராத்திரி தூக்கம் வருவதில்லை. காலம் போய்விட்டது ஹஜ்ரத்” என்றார்.

அன்றே மஃரிபுக்குப் பின் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி என்னைப் பிடித்து உட்காரவைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். வயது அறுபது. “வாப்பா வைத்த கடை. இப்போது பிள்ளைகள் செல்போனிலேயே துணி வாங்குகிறார்கள். மகன் கடைப் பக்கமே வரமாட்டேன் என்கிறான். எனக்குப் பிறகு இது என்ன ஆகும் என்று நினைத்தால் நெஞ்சை அடைக்கிறது” என்றார்.

ஒருவருக்குப் போன காலத்தை நினைத்துப் பயம். மற்றவருக்கு வரும் காலத்தை நினைத்துப் பயம். பள்ளிக்கும் அந்தக் கடைக்கும் இடையே இருநூறு அடி தூரம்கூட இல்லை. ஐந்து வேளையும் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் சேர்த்து நிற்பவர்கள்தாம். ஆனால் ஒருவருடைய பயம் மற்றவருக்குத் தெரியாது!

சகோதரனே, “பயப்படாதே” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது எளிது. நான் அப்படிச் சொல்ல வரவில்லை. உன் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. அதன்பின் சுமார் இரண்டு மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அம்மான் நகர் வழியாக விமானங்களில் கொண்டுவரப்பட்டார்கள். பல வருட உழைப்பு ஒரு கைப்பையில் அடங்கிப்போனது. 2011-இல் சவூதியில் ‘நிதாகத்’ வந்தது. 2016 நவம்பர் 8 இரவு, கல்லாவில் இருந்த நோட்டு செல்லாது என்றார்கள். 2020-இல் கொரோனா வந்து கடைகளை மாதக்கணக்கில் பூட்டவைத்தது. நாளை என்ன நடக்கும் என்று இவற்றில் எதையாவது நாம் முன்கூட்டி அறிந்திருந்தோமா?

நாளையை அறியாதது குற்றமல்ல. அந்த இல்மு நமக்குத் தரப்படவில்லை. ஆனால் அறியாத நாளையை நினைத்து இன்றைய நாளைத் தொலைப்பது குற்றமில்லையா?

அதைவிட மோசமான ஒன்று உண்டு. பயந்தவனைத் தேடித்தான் ஏமாற்றுக்காரன் வருகிறான். “வயது ஏறிக்கொண்டே போகிறது தம்பி, இப்போதே பணம் கட்டு. விசிட் விசாவில் போ, அங்கே போய் வேலை தேடிக்கொள்ளலாம்” என்கிறான் ஒருவன். உம்மாவின் நகை அடகுக்குப் போகிறது. “எதிர்காலத்துக்கு ஹலாலான முதலீடு, மாதாமாதம் லாபம்” என்கிறான் இன்னொருவன். 2019 ஜூன் மாதம் பெங்களூருவில் ஐ.எம்.ஏ. நிறுவனம் கவிழ்ந்ததை மறந்துவிட்டோமா? பணம் போட்ட பல்லாயிரம் பேரில் பெரும்பாலோர் நம் சமுதாயத்தவர். அதில் மகளின் கல்யாணக் காசு இருந்தது, முதியவர்களின் மருந்துக் காசு இருந்தது. நிறுவனத் தலைவர் துபாய்க்கு ஓடி, அடுத்த மாதம் டெல்லியில் இறங்கியபோது கைது செய்யப்பட்டார். பயத்தில் அவசரப்படுகிறவன் விசாரிப்பதில்லை. விசாரிக்காதவனின் பணம் தங்குவதில்லை.

அப்படியானால் என்ன செய்வது? கி.பி. 622-இல் மதீனாவுக்கு வந்த ஒருவரைப் பார்.

அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) மக்காவில் பெரிய வியாபாரி. ஹிஜ்ரத் செய்தபோது வீடு, சரக்கு, தொடர்பு அனைத்தையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தார். வரலாற்று நூல்கள் தரும் கணக்குப்படி அப்போது அவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. “காலம் போய்விட்டது” என்று சொல்ல அவருக்கு நியாயம் இல்லையா?

நபி (ஸல்) அவர்கள் அவரை மதீனாவாசியான ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்களோடு சகோதரராக இணைத்தார்கள். ஸஅத் (ரலி) செல்வந்தர். தம் சொத்தில் பாதியைத் தருகிறேன் என்று முன்வந்தார். அப்துர் ரஹ்மான் (ரலி) அதற்காக துஆச் செய்துவிட்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்: இங்கே சந்தை எங்கே இருக்கிறது?

பனூ கைனுகா சந்தையைக் காட்டினார்கள். போனார். பாலாடைக் கட்டியும் நெய்யும் வாங்கி விற்றார். பெரும் வியாபாரியாக இருந்தவர் நெய் விற்கக் கூச்சப்படவில்லை. இழந்ததைத் திரும்பப் பிடிக்க ஒரே நாளில் பெரிய பேரம் தேடவில்லை. சில காலத்தில் திருமணம் முடித்தார். ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். பிற்காலத்தில் ஸஹாபாக்களில் பெருஞ்செல்வர்களில் ஒருவரானார்.

இதை பயான்களில் எத்தனையோ முறை கேட்டிருப்பாய். ஆனால் கேட்டவரை மட்டும் புகழ்ந்துவிட்டு, கொடுக்க முன்வந்தவரை மறந்துவிடுகிறோம். ஸஅத் (ரலி) போன்ற ஒருவர் பக்கத்தில் நின்றதால்தான் வெறுங்கையோடு வந்தவர் தைரியமாகச் சந்தைக்கு வழி கேட்க முடிந்தது. கொடுக்க மனமுள்ளவரும் உழைக்க மனமுள்ளவரும் சந்தித்த இடத்தில் பயம் தோற்றது.

காலத்தைப் பற்றிய அத்தியாயமான ‘அல்அஸ்ர்’ மூன்றே வசனங்கள் கொண்டது. மனிதன் நஷ்டத்தில் இருக்கிறான் என்று எச்சரித்து, நான்கு தன்மைகள் உடையவர்களுக்கு மட்டும் அது விலக்குத் தருகிறது. ஈமான், நற்செயல் என்ற முதல் இரண்டுக்குப் பிறகு வரும் இரண்டும் தனியாகச் செய்யக்கூடியவை அல்ல. சத்தியத்தையும் பொறுமையையும் ஒருவர் மற்றவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். தனியாக அறைக்குள் படுத்து முகட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குப் பொறுமையைச் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்?

ஆரோக்கியம், ஓய்வு நேரம் என்ற இரண்டு அருட்கொடைகளில் மக்களில் பலர் நஷ்டமடைகிறார்கள் என்ற கருத்துள்ள ஹதீஸ் புகாரியில் உண்டு. அதில் வரும் ‘மஃக்பூன்’ என்ற சொல் சந்தைச் சொல். பேரத்தில் ஏமாந்து பொருளை அற்ப விலைக்குக் கொடுத்துவிட்டவன் என்று பொருள். வாலிபனே, வேலையில்லாத இந்த மாதங்களும் உன் கையிலுள்ள சரக்குதான். செல்போனுக்கும் டீக்கடைப் பேச்சுக்கும் அதை அடிமாட்டு விலைக்கு விற்றுவிடாதே!

இன்றே உன் சந்தையைக் கேள். தெரிந்த தொழில் என்ன, எந்தக் கடையில் ஆள் தேவை, எந்தப் பயிற்சியில் சேரலாம் என்று நாளுக்கு ஒரு வாசலில் கேள். கேட்பதில் கேவலம் இல்லை. மீண்டும் வெளிநாடு போவதானால், பணம் கொடுக்குமுன் அவர் அரசிடம் பதிவு பெற்ற முகவர்தானா என்று சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்.

வணிகப் பெருமக்களே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. ரமளானில் நாற்பதில் ஒரு பங்கைக் கணக்கிட்டு, ஐம்பதும் நூறுமாக வரிசையில் நிற்பவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கணக்கை முடித்துவிடுகிறீர்கள். வாங்கியவர் அடுத்த ரமளானிலும் அதே வரிசையில் நிற்கிறார். ஸகாத் பெறத் தகுதியுள்ள ஒரு வாலிபருக்குத் தையல் இயந்திரமோ தள்ளுவண்டியோ சரக்கோ வாங்கிக் கொடுத்தால், இன்ஷா அல்லாஹ், சில வருடங்களில் அவரே ஸகாத் கொடுப்பவராகலாம். தகுதி இல்லாதவருக்கு அழகிய கடன் கொடுங்கள். பணம் கொடுக்க முடியாதவர்கள் கொள்முதல் செய்யும் ஊரையும் மொத்த வியாபாரியையும் காட்டிக் கொடுங்கள். அதுவும் சந்தைக்கு வழி காட்டுவதுதான்.

அன்று இரவு இஷாவுக்குப் பின் அந்த வாலிபரை அழைத்துக்கொண்டு அதே ஜவுளிக்கடைக்குப் போனேன். சவூதியில் அவர் பார்த்தது கிடங்குக் கணக்கு வேலை. செல்போன் வழியாகத் துணி விற்பது எப்படி என்று முதலாளி கேட்டார், தம்பி சொல்லத் தொடங்கினார். என்ன முடிவாகும் என்பது அல்லாஹ்வுக்கே தெரியும். ஆனால் நான் எழுந்து வரும்போது இருவரும் நாளைக் காலை கடை திறக்கும் நேரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சகோதரனே, உன் பள்ளியிலும் உன் ஸஃப்பில் அப்படி ஒருவர் நிற்கிறார். இன்று ஸலாம் கொடுத்தவுடன் எழுந்து ஓடிவிடாதே. பக்கத்தில் இருப்பவரிடம் நலம் விசாரி. வழி தெரியவில்லையானால் கேள். தெரிந்தால் காட்டு. வல்ல அல்லாஹ் நம் காலத்தில் பரக்கத் செய்வானாக!