அயலார் வீட்டுத் தட்டு

கிறிஸ்து பிறப்பு விழாவன்று நம் இல்லங்களிலிருந்து பலகாரத் தட்டுகள் தெருவெங்கும் செல்கின்றன. கேக்கும் முறுக்கும் அதிரசமும் நிறைந்த அந்தத் தட்டை இந்து அயலாரும் இசுலாமிய அயலாரும் இரு கைகளையும் நீட்டி வாங்கிக்கொள்கின்றனர். அதை எங்கே வைத்துச் செபித்தீர்கள் என்று எவரும் நம்மைக் கேட்பதில்லை. ஆனால் தீபாவளியன்றோ ஆயுத பூசையன்றோ அதே வீடுகளிலிருந்து நம் வாசலுக்கு வரும் தட்டுக்கு நேர்வது என்ன? சில இல்லங்களில் அது வாசலோடு திருப்பி அனுப்பப்படுகிறது. சில இல்லங்களில் புன்னகையோடு வாங்கப்பட்டு, கதவைச் சாத்தியதும் குப்பைக் கூடைக்குப் போய்ச் சேர்கிறது. இவ்விரண்டில் பின்னதே கொடிது. முன்னதில் அவமதிப்பு மட்டுமே உண்டு. பின்னதில் பொய்யும் சேர்ந்துகொள்கிறது.

இதனை விசுவாசத்தின் உறுதி என்று நம்மில் பலர் மெச்சிக்கொள்கின்றனர். செபக்கூட்ட மேடைகள் சில இதற்கு இறையியல் முலாமும் பூசிக் கொடுக்கின்றன. அயலார் வீட்டுப் பண்டத்தில் அலகை குடியிருக்கிறதாம். உண்டால் வீட்டுக்குள் சாபம் நுழையுமாம். நான் இதை முழு மனத்தோடு மறுக்கிறேன். இது விசுவாசம் அன்று, அச்சம். அதுவும் சாவை வென்று உயிர்த்த ஆண்டவரின் வல்லமையைவிட ஒரு கிண்ணச் சுண்டலின் வல்லமையைப் பெரிதாக எண்ணும் அச்சம்.

‘பவுலடியார் தடுத்திருக்கிறாரே’ என்பர் சிலர். அவர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தை எட்டாம் அதிகாரம் முதல் பத்தாம் அதிகாரம் வரை ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். சிலைவழிபாட்டில் பங்குகொள்ளலாகாது என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. ஆனால் நம்பிக்கை கொள்ளாத ஒருவர் விருந்துக்கு அழைத்து, நீங்களும் போக விரும்பினால், படைப்பதை உண்ணுங்கள், துருவிக் கேளாதீர்கள் என்றும் அவரே அறிவுறுத்துகிறார். இது பலியிடப்பட்டது என்று யாரேனும் சொன்னால் உண்ணாதிருங்கள் என்கிறார். அதுவும் சொன்னவரின் மனச்சான்றை முன்னிட்டு. பண்டத்துக்குள் நஞ்சு இருக்கிறது என்பது அவர் வாதமே அன்று. அவர் தடுப்பது வழிபாட்டில் கலப்பதை. பந்தியில் கலப்பதை அன்று.

பூசையில் படைத்தது என்று தெரிந்தபின் உண்ண மனச்சான்று இடம் தராதவரை நான் வற்புறுத்த வரவில்லை. அவர் கைகூப்பி, முகம் பார்த்து, காரணத்தைப் பணிவோடு சொல்லட்டும். அந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒரு வாய்க் காப்பியேனும் குடித்துவிட்டு வரட்டும். உண்மை பேசும் விருந்தாளியை எந்த அயலாரும் வெறுப்பதில்லை. மறைவில் கொட்டுபவரைத்தான் ஒருநாள் கண்டுகொள்கின்றனர்.

இந்நோய்க்கு வேர் ஒன்று உண்டு. ‘அஞ்ஞானி’ என்னும் சொல் அது. நம் பழைய செபநூல்களிலும் மறைக்கல்வி ஏடுகளிலும் அது தாராளமாகப் புழங்கியது. இன்று அச்சில் அருகிவிட்டது, நாவில் அருகவில்லை. ஞானம் நம் வீட்டுக் கொல்லையில் மட்டும் விளையும் பயிர் என்ற நினைப்பு அச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று, கிறிஸ்தவமல்லாத சமயங்களோடு திருச்சபைக்குள்ள உறவைப் பற்றித் தனி அறிக்கை ஒன்றை வெளியிட்டது. ஆயர்களுள் 2,221 பேர் ஆதரித்தும் 88 பேர் எதிர்த்தும் வாக்களித்தனர். அச்சமயங்களில் உண்மையானதும் தூயதுமான எதனையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்பது அவ்வறிக்கையின் சாரம். பொதுச்சங்கம் முடிந்து அறுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. அதன் போதனை நம் அடுக்களை வரை வந்து சேர இன்னும் எத்தனை ஆண்டுகள் வேண்டும்?

வேளாங்கண்ணியை எண்ணிப் பாருங்கள். பால் கொண்டு சென்ற சிறுவனிடம் அன்னை மரியா தம் குழந்தைக்காகப் பால் கேட்டு வாங்கினார் என்பது அத்திருத்தலத்தின் செவிவழி மரபு. அச்சிறுவன் இந்துக் குடும்பத்தவன் என்றே நம் முன்னோர் சொல்லி வந்துள்ளனர். ‘இப்பால் எந்த வீட்டுப் பால்?’ என்று அன்னை விசாரித்ததாக மரபில் எங்கும் இல்லை. அவர் கொடுக்க வரவில்லை. முதலில் கேட்டார், பெற்றார். அந்தப் பாலை ஏற்ற தாயின் பக்தர்கள் என்று சொல்லிக்கொண்டு காவி உடுத்தி நடைப்பயணம் போகும் நாம், எதிர்வீட்டுப் பாயசத்தைக் கண்டு முகம் சுளிக்கிறோம்! ஆண்டுதோறும் அங்கே வந்து மெழுகுதிரி ஏற்றும் பிற சமயத்தாரின் காணிக்கையை மட்டும் நாம் திருப்பி அனுப்புவதில்லையே! உண்டியலில் விழும் காசுக்கு இல்லாத தீட்டு, தட்டில் வரும் பண்டத்துக்கு எங்கிருந்து வந்தது?

இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். வள்ளுவர் திருமுழுக்குப் பெற்றவரல்லர் என்பது அம்முனிவருக்குத் தெரியாததன்று. இந்த மண்ணில் பிறந்து, இம்மொழியில் தாலாட்டுக் கேட்டு வளர்ந்த நாமோ, நம் அயலாரிடம் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை என்று இருக்கிறோம்.

இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கும். நம் திருமண விளம்பரங்களில் ‘ஆர்.சி.’ என்னும் ஈரெழுத்தை அடுத்து நிற்பது என்ன? சாதிப் பெயர். வேறு சாதிக் கத்தோலிக்கரை மணந்தால் வீட்டு வாசலை அடைக்கும் பெற்றோர், தம் சாதியைச் சேர்ந்த பிற சமய வரன் வந்தால் சமய வேற்றுமைத் தடையிலிருந்து விலக்குக் கேட்டு விண்ணப்பம் எழுதத் தயங்குவதில்லை. விலக்கைத் திருச்சபைச் சட்டமே அனுமதிக்கிறது. அத்தகைய திருமணங்களை நான் பழிக்கவில்லை. ஆனால் ஒரே அப்பத்தைப் பகிரும் சகோதரரை அயலாராக்கிக் கல்லறைத் தோட்டத்திலும் சுவர் எழுப்பியோர் நம்மிடையே உண்டு என்பதை மறந்துவிட்டு, தீபாவளிப் பலகாரத்தில் மட்டும் விசுவாசத்தின் தூய்மையைத் தேடுவது எவ்வகை நேர்மை? சுண்டலில் அலகையைக் காணும் கண்கள் சாதியில் அதனைக் காணவில்லையே!

‘அப்படியானால் எல்லாச் சமயமும் ஒன்றுதான் என்கிறீரா?’ என்று கேட்பீர்கள். இல்லை. இயேசு கிறிஸ்துவே உலகின் மீட்பர் என்று அறிக்கையிடவே நான் குருப்பட்டம் பெற்றேன். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1986 அக்டோபர் 27 அன்று அசிசி நகரில் பல சமயத் தலைவர்களோடு அமைதிக்காக இறைவேண்டலுக்குக் கூடினார். அவரே 1990 டிசம்பரில், மீட்பரின் பணியைப் பறைசாற்றும் கடமை ஓயவில்லை என்று சுற்றுமடல் எழுதினார். இரண்டும் ஒரே மனிதரின் செயல்கள். ஒன்று மற்றொன்றை மறுக்கவில்லை. நம்மிடமுள்ள எதிர்நோக்குக்குக் காரணம் கேட்பவருக்குப் பணிவோடும் மரியாதையோடும் விடை சொல்லுமாறு பேதுருவின் முதல் திருமுகம் பணிக்கிறது. விடை சொல்ல வேண்டுமானால் முதலில் ஒருவர் கேட்க வேண்டும். வீட்டுப்படி ஏறாதவரிடம் யார் வந்து கேட்பார்?

‘நம்மை வெறுக்கிறார்களே, நாம் மட்டும் ஏன் நெருங்க வேண்டும்?’ என்னும் குரலும் எழுகிறது. அந்த வலி எனக்கும் உண்டு. 1999 சனவரியில் ஒடிசாவில் கிரகாம் ஸ்டெயின்சும் அவருடைய இரு புதல்வரும் உயிரோடு எரிக்கப்பட்டனர். 2008இல் கந்தமாலில் ஆலயங்களும் வீடுகளும் சாம்பலாயின. இவற்றை மறக்கச் சொல்பவன் மேய்ப்பன் அல்லன். ஆனால் தீ வைத்த கையும் உங்களுக்குத் தட்டு நீட்டும் கையும் ஒன்றல்ல. எங்கோ கொளுத்தியவனின் பாவத்தை எதிர்வீட்டு அம்மாவின் தலையில் ஏற்றுவது நீதியா? கணவரையும் மக்களையும் இழந்த கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையார் கொன்றவர்களையே மன்னித்தார். நாம் குற்றமே செய்யாதவர்களைத் தண்டித்துக்கொண்டிருக்கிறோம். வெறுப்பை விற்பவர்களுக்கு வேண்டியது இதுதான்: ஒருவர் வீட்டை மற்றவர் அறியாத தெருக்கள். அத்தகைய தெருவில் வதந்தி ஒன்றே போதும். ‘அவர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர்’ என்று நமக்காகச் சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார்.

எனவே பொதுநிலையினரே, உங்களிடம் வேண்டுவது பெரிய காரியமன்று. உங்கள் தெருவில் துக்கம் நேர்ந்தால், எந்தச் சமயத்தவர் வீடானாலும் முதலில் போய் நில்லுங்கள். வீட்டுப் பிள்ளைகளின் காதில் ‘அஞ்ஞானி’ என்னும் சொல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அயலாரின் நோயாளிக்காகச் செபியுங்கள்; அவர்களும் உங்களுக்காக வேண்டிக்கொள்வதைத் தாழ்வாக எண்ணாதீர்கள்.

கொடுக்க மட்டுமே அறிந்தவர் தம்மை வள்ளல் என்று எண்ணிக்கொள்ளலாம். பெறவும் அறிந்தவரே அயலார். சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்ட பிறகுதான் நம் ஆண்டவர் வாழ்வளிக்கும் தண்ணீரைப் பற்றிப் பேசினார். அந்த வரிசையை மாற்ற நமக்கு அதிகாரம் கொடுத்தவர் யார்?