டோப்பாவைப் பார்த்துச் சிரிப்பவர்கள்

மேற்கத்திய செவ்வியல் சங்கீதத்தின் சரித்திரத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லித்தரும் புத்தகங்களுக்கென்று ஒரு சந்தை உண்டு. கனடாக்காரரான டேவிட் பார்பர் 1986இல் வெளியிட்ட 'பாக், பீத்தோவன் அண்ட் தி பாய்ஸ்' அவற்றில் பெயர் பெற்றது. பார்பருக்குச் சங்கீதம் தெரியும். அவருடைய ஞானம் பற்றியதல்ல என் கேள்வி. இவ்வகைப் புத்தகங்கள் சங்கீதத்தின் மேலுள்ள பயத்தைப் போக்குகின்றன என்கிறார்கள். வாஸ்தவம். பயம் போன இடத்தில் சங்கீதம் வந்து உட்காருகிறதா?

இந்தச் சரித்திரத்தில் லுல்லி என்றால் கால். பதினான்காம் லூயி குணமடைந்ததைக் கொண்டாட 1687இல் நடந்த கச்சேரியில், தாளம் தட்டிய கோலால் தன் காலையே குத்திக்கொண்டு, புண் அழுகி இறந்தார். நடந்ததுதான். ஆனால் பிரெஞ்சு ஆபராவுக்கு அஸ்திவாரம் போட்டவர் அவர் என்பது சிரிப்புக்கு உதவாது; ஓரத்தில் நின்றுவிடுகிறது. பாக் என்றால் இருபது குழந்தைகள். அவர்களில் பாதிப் பேர் வளர்ந்து ஆளாகவில்லை. அதை மறந்தால்தான் அந்த ஹாஸ்யம் ஹாஸ்யம்.

ஹாஸ்யமே கூடாது என்பதல்ல என் கட்சி. அது சங்கீதத்துக்குள்ளேயே இருக்கிறது. ஹைடன் 1781இல் எழுதிய 33ஆம் ஓபஸ் குவார்டெட்டுகளில் இரண்டாவதைக் கேளுங்கள். முடியும் தறுவாயில் மெட்டு துண்டு துண்டாகிறது, இடையிடையே மௌனம். பிறகு நீண்ட மௌனம். முடிந்ததென்று கைதட்டப் போகையில் மெட்டின் முதல் துண்டு மெல்ல மறுபடி ஒலித்து, அத்தோடு நின்றுவிடுகிறது. ஆரம்பமே முடிவு. மொஸார்ட் 1787இல் எழுதிய 'ஒரு சங்கீத வேடிக்கை'யில் திறமையற்ற இசையமைப்பாளன் கேலிக்கு ஆளாகிறான். கடைசியில் வாத்தியங்கள் ஆளுக்கொரு சுருதியில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. இங்கே சிரிக்கக் காது வேண்டும். மெட்டு எங்கே போகும் என்று எதிர்பார்க்காதவனை ஹைடனால்கூட ஏமாற்ற முடியாது.

நிகழ்ச்சிக் குறிப்பில் மேதைமை, அமரத்துவம் என்று உருகுகிறவரும் இந்தச் சிரிப்புக்காரரும் எதிரிகள் மாதிரித் தெரிகிறார்கள். உண்மையில் பங்காளிகள். ஒருவர் கேட்காமலே கும்பிடச் சொல்கிறார்; மற்றவர் கேட்காமலே சிரிக்கச் சொல்கிறார். இருவருமே நம்மைக் கேட்கும் உழைப்பிலிருந்து விடுவித்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

ஹைடனின் அந்த மௌனத்தில் அவசரப்பட்டுக் கைதட்டி அசடு வழிய ஒருவனைத் தயார் செய்யும் ஹாஸ்யப் புத்தகத்தை யாராவது எழுதட்டும். முதல் பிரதியை நான் வாங்கிக்கொள்கிறேன்.