வேட்டையில் தாட்சண்யம்

2006-ம் வருஷம் பிப்ரவரி 11-ந் தேதி, அமெரிக்காவில் டெக்ஸாஸ் ராஜ்யத்தில் ஒரு காடை வேட்டை. அப்போது உபஜனாதிபதியாயிருந்த டிக் சேனி, பறந்த காடையைக் குறி வைத்துத் திரும்பிச் சுட்டார். ரவைகள், 78 வயதான சக வேட்டைக்காரரின் முகத்திலும் மார்பிலும் பாய்ந்தன. தவறு தம்முடையதே என்று சேனி நாலு நாள் கழித்து ஒப்புக்கொண்டார். சுடப்பட்டவரோ, ஆஸ்பத்திரியை விட்டு வந்ததும், சேனி குடும்பத்தார் பட்ட கஷ்டத்துக்காகத் தாம் வருந்துவதாகச் சொன்னார்!

பெருந்தன்மைதான். ஆனால் வேட்டைக் களத்தில் தாட்சண்யம் உதவாது. துணைவர் நிற்கும் இடத்தைக் கவனியாமல் துப்பாக்கியைத் திருப்புகிறவர் எத்தனை பெரிய மனிதராயினும், முதல் தடவையிலேயே முகத்துக்கு நேரே கண்டிக்க வேண்டும். கேளாவிட்டால், அவரை விட்டு வீடு திரும்ப வேண்டும். கோபித்துக்கொண்ட சிநேகிதரைப் பிறகு சமாதானம் செய்யலாம். புறப்பட்ட ரவையைத் திருப்பி அழைக்க முடியுமா?