அறுபதில் ஒரு நாற்காலி

சுரங்க ஊரான நெய்வேலி நகரியத்தில் முதுமைக்கு நிரந்தர முகவரி கிடையாது. அறுபது நிறைந்தால் வேலையோடு குவார்ட்டர்ஸையும் விட வேண்டும். நட்டு வளர்த்த முருங்கையும் மாமரமும் அடுத்து வருபவருக்கு. பலர் இந்திரா நகரிலோ வடலூரிலோ வீடு கட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

வடலூர், வள்ளலார் 1867இல் தருமச்சாலையைத் தொடங்கி 'மரணமிலாப் பெருவாழ்வு' பேசிய ஊர். இதே மாவட்டத்துச் சிதம்பரத்தில் 1952இல் பிறந்தவர் வெங்கி ராமகிருஷ்ணன். ரைபோசோம் ஆய்வுக்காக 2009இல் நோபல் பரிசு பெற்ற அவர், 2024இல் எழுதிய நூலுக்கு 'வொய் வி டை' என்று பெயர் வைத்தார். சாவைப் பற்றி இத்தனை யோசித்த மாவட்டம் வேறு உண்டா தெரியவில்லை.

அந்த 2009ஆம் ஆண்டிலேயே ராப்பமைசின் என்ற மருந்தைப் பற்றிய செய்தியும் வந்தது. 600 நாள் வயதான சுண்டெலிகளுக்கு, மனிதக் கணக்கில் ஏறத்தாழ அறுபது வயதுக்காரர்களுக்கு, அந்த மருந்தைத் தீவனத்தில் கலந்து கொடுத்தார்கள். பெண் எலிகளின் ஆயுட்காலம் 14 விழுக்காடும் ஆண் எலிகளுடையது 9 விழுக்காடும் கூடின. பணி ஓய்வு வயதில் தொடங்கினாலும் பலன் உண்டு என்பதுதான் அதில் வியப்பு. ஆனால் ராப்பமைசின் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்குத் தரப்படும் எதிர்ப்பாற்றல் அடக்கி. வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டி மாத்திரை கேட்பவருக்கு எழுதிக் கொடுக்கிற அளவுக்கு மனிதரிடம் ஆதாரம் சேரவில்லை.

சேர்ந்திருக்கும் ஆதாரம் வேறு இடத்தில் இருக்கிறது: தசையில். இந்தியா உட்பட 17 நாடுகளில் நடந்த 'ப்யூர்' ஆய்வின் முடிவு 2015இல் வெளியானது. கைப்பிடி வலு 5 கிலோ குறைந்தால் இறப்பு அபாயம் 16 விழுக்காடு கூடுகிறது. இறப்பைக் கணிப்பதில் சிஸ்டாலிக் ரத்த அழுத்தத்தை விட அதுவே வலுவான அடையாளம். போன தசையை மீட்கவும் முடியும். 1990இல் பாஸ்டனில் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். எட்டு வாரப் பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது.

சுரங்கத் தொழிலாளருக்குச் சட்டப்படி அவ்வப்போது மருத்துவப் பரிசோதனை உண்டு. அதனுடன் கைப்பிடி வலுவை அளக்கும் ஒரு டைனமோமீட்டரும் சேரட்டும். ஆசிய சார்கோபீனியா (தசை இழப்பு) குழு 2019இல் வகுத்த குறைந்தபட்ச வரம்பு ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18 கிலோ. கருவி இல்லாத கிளினிக்கில் நாற்காலி போதும்: கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கவனிக்க வேண்டிய ஆள். ஓய்வுக்குப் பின் தேடிப்பிடித்து அளப்பதைவிட, ஐம்பதிலேயே அளந்து குறித்து வைப்பது எளிது.

இப்போது நடப்பது வேறு. முப்பது வருடம் ஷிப்ட் பார்த்தவர் சர்க்கரை ரிப்போர்ட்டை நீட்டுகிறார். மருத்துவர் எண்ணைப் பார்த்துத் தலையாட்டி, மாத்திரையைக் கூட்டி எழுதுகிறார். வந்தவர் இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றி, ஒருமுறை சறுக்கி, மறுமுறை எழுந்து கொள்கிறார். அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாகிவிட்டது.