செவிலியர் வராத நாள்களில் யார் துணை?

திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என மூன்று நாடுகள் உள்ளன. நெல்லிவாசல்நாட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து, புற்றுநோய் முற்றிய ஒருவரைச் சமவெளிக்குக் கொண்டுவருவது எளிதன்று. வண்டி ஏறாத ஊராயின் முதலில் டோலி கட்டிச் சுமக்க வேண்டும். அதன்பின் மலைப்பாதை வளைவுகள். இத்தனை அலைச்சலுக்குப் பின் அவருக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் வலி மாத்திரையும் புண்ணுக்கு ஒரு கட்டுமே. அவை அவர் படுத்திருக்கும் திண்ணைக்கே வந்து சேர வேண்டும் என்பது எங்கள் கருத்து.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நோய் ஆதரவுச் சிகிச்சையும் வீடு தேடி வரும் சேவைகளுள் ஒன்றாக இடம்பெற்றது. அதனை மனமார வரவேற்கிறோம். ஆயினும் செவிலியர் வந்துசெல்லும் நாள் ஒன்று. வராத நாள்கள் பல. மலையில் உழைக்கும் வயதினர் கூலி வேலைக்கு வெளியூர் செல்லும் பருவத்தில், நோயாளியுடன் எஞ்சுவோர் முதியவரும் சிறாருமே. அந்த இடைவெளியை ஊரார்தாம் நிரப்ப முடியும்.

இது வெறும் ஆசையன்று. 1993-இல் கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம். ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் முதலியோர் தொடங்கிய வலித் தணிப்புப் பணி, சில ஆண்டுகளில் மலப்புறத்து ஊர்களுக்குப் பரவியது. அங்கே ஆசிரியர், கடைக்காரர், மாணவர் எனப் பலரும் பயிற்சி பெற்று அண்டை வீட்டு நோயாளிகளைக் கவனித்தனர். செலவுக்குச் சிறு தொகைகளாக ஊரே பணம் திரட்டியது. 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. மக்கள் முந்தினர், அரசு பின்தொடர்ந்தது. இந்த வரிசையை நாம் கவனிக்க வேண்டும்.

தன்னார்வலர் செய்வது என்ன? ஊசி போடுவதன்று. இரண்டு மணிக்கொருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தல், வாயைத் துடைத்து ஈரமாக்குதல், புண்ணைக் கழுவிக் கட்டுதல் ஆகியவையே. இவற்றுள் புண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அழுகும் புண்ணின் நாற்றம் வலியினும் கொடியது. அதனாலேயே உறவினர் வாசலோடு நின்றுவிடுகின்றனர், நோயாளியும் வெட்கி முகம் திருப்பிக்கொள்கிறார். நாள்தோறும் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில் பொடித்துத் தூவினால் நாற்றம் பெரிதும் அடங்கும். பேரப்பிள்ளைகள் மீண்டும் அருகில் வந்து அமர்வர். விலையுயர்ந்த மருந்து எதுவும் இதற்கு வேண்டியதில்லை.

மார்ஃபின் குறித்த அச்சமும் ஊரார் வழியாகவே நீங்கும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டக் கெடுபிடிகளால் நோயாளிகளுக்கும் எட்டாமற்போன அம்மருந்துக்கு, 2014-இல் வந்த திருத்தம் வழியை எளிதாக்கியது. ஆயினும் "போதை மாத்திரை" என்று குடும்பத்தார் அதனை ஒளித்துவைக்கின்றனர். மருத்துவர் குறித்த அளவில், குறித்த நேரத்தில் வலிக்காக உண்பவர் அதற்கு அடிமையாகிவிடுவதில்லை. மலச்சிக்கல் வரும், அதற்கு மருந்து உண்டு. நாங்கள் பத்து முறை சொல்வதைவிட, அதே ஊர்ப் பெண் ஒருவர் தம் பேச்சுவழக்கில் ஒருமுறை சொன்னால் மலைவாழ் குடும்பம் எளிதில் நம்பும்.

எனினும் ஒன்றை வலியுறுத்துகிறோம். தன்னார்வலர் செவிலியருக்கு மாற்றல்லர். அவர்களைக் காட்டிப் பணியிடங்களைக் காலியாக விடுவது முறையன்று. மார்ஃபின் மலையிலுள்ள சுகாதார நிலையத்திலேயே கிடைக்க வேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து பயிற்சிக்கு வருபவருக்குப் பேருந்துக் கட்டணமும் மதிய உணவும் தராமல் சேவை மனப்பான்மையை எதிர்பார்ப்பதும் அறமாகாது.

மலையூர்களிலிருந்து வரும் குடும்பத்தார், நோயாளியை வீட்டிற்கு அழைத்துச் செல்லும் முன், உங்கள் ஊரில் உதவக்கூடிய இருவரின் பெயரைப் பிரிவுச் செவிலியரிடம் கூறுங்கள். இயன்றால் அவர்களுள் ஒருவரை அன்று உடன் அழைத்து வாருங்கள். புண் கழுவுவதையும் மாத்திரை நேரத்தையும் உங்களோடு சேர்த்தே அவருக்கும் கற்றுத்தருவோம்.