கட்டிலுக்கடியில் 500 பெட்டிகள்

என் அண்ணன் மகன் ஒரு பலகை விளையாட்டு உருவாக்கினான். கதை நம்ம ஊர்க் கதைதான். ராயக்கோட்டைத் தக்காளி, கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ், ஓசூர் ரோஜா இவற்றை லாரியில் ஏற்றி, ஜூஜூவாடி சோதனைச்சாவடியைத் தாண்டி, அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூர் சேர்க்க வேண்டும். சரக்கு கெடாமல் முதலில் சேர்ப்பவர் ஜெயித்தார்.

நான் 30 வருடம் சிப்காட்டில் டிஸ்பாட்ச் பிரிவில் வேலை பார்த்தவன். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சாவடிகள் மூடப்படும்வரை, அந்த வரிசையில் மாட்டிய லாரிகளை நினைத்து எத்தனையோ ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறேன். அதனால் விளையாட்டைப் பார்த்ததுமே மயங்கிவிட்டேன். "சித்தப்பா, 1,60,000 தேவைப்படுது" என்றான். ஓய்வுபெற்றபோது வந்த பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்காரம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பெட்டி ஒன்றுக்கு 240 ரூபாய் வீதம் 500 பெட்டி அடித்ததில் 1,20,000 போயிற்று. மீதி 40,000 ரூபாயை ஒரு விளம்பர நிறுவனத்திடம் கொடுத்தான். இரண்டு மாதம் கைப்பேசிகளில் விளம்பரம் ஓடியது. லட்சக்கணக்கானோர் பார்த்ததாக அழகான அறிக்கை வந்தது. விற்றது 31 பெட்டி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 499 ரூபாய்ப் பெட்டி ஒன்றை விற்க விளம்பரத்துக்கு மட்டும் 1,290 ரூபாய். மீதிப் பெட்டிகள் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியில் குடியேறின.

அந்த அறிக்கையை நானும் படித்தேன். 'வயது 18 முதல் 30, இந்தியா முழுவதும்' என்று இருந்தது. ஜூஜூவாடி என்றால் என்னவென்று டில்லிப் பையனுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பெயரைக் கேட்டதும் சிரிக்கக்கூடியவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள்: லாரி புக்கிங் ஆபீஸ்காரர், மண்டி வியாபாரி, என்னைப் போன்ற பழைய டிஸ்பாட்ச் ஆசாமிகள். அவர்களுக்கு அந்த விளம்பரம் போகவே இல்லை.

என் கருத்து இதுதான். சிறிய விளையாட்டுத் தயாரிப்பாளருக்கு லட்சம் பார்வையாளர்கள் வேண்டாம். 500 பெட்டி அடித்தவனுக்கு 500 குடும்பம் போதும். அந்தக் குடும்பங்களைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு ஆட்டம் ஆடவைப்பதுதான் விளம்பரம்.

பழைய விளையாட்டுகளைப் பாருங்கள். நம் ஆடுபுலி ஆட்டம் கன்னடத்தில் ஆடு ஹுலி, தெலுங்கில் புலி மேக. நம் பல்லாங்குழி அங்கே அளகுளி மணெ, வாமன குண்டலு. எந்த முதலாளி விளம்பரம் செய்தார்? ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்து ஆடினாள், பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக் கற்றுக்கொண்டாள். பரமபதத்துக்கு வைகுண்ட ஏகாதசி என்று ஒரு கண்விழிக்கும் இரவே அமைந்துவிட்டது. அதைவிடப் பெரிய விற்பனைத் திட்டம் உண்டா?

அந்த விளையாட்டுகளை மறுபடி பெட்டியில் கொண்டுவந்த சென்னை கிரீடா நிறுவனத்தை 2002-இல் தொடங்கியவர் வினிதா சித்தார்த்தா. மைசூரில் ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டான் 'கிரீடா கௌசல்யா' என்ற பெயரில் பலகை விளையாட்டுகளுக்கென்றே கண்காட்சி நடத்துகிறது. அமெரிக்காவில் 1985-இல் பிக்‌ஷனரியை உருவாக்கிய ராப் ஏஞ்சல், முதல் 1,000 பெட்டிகளைத் தன் குடியிருப்பிலேயே கையால் அடுக்கி, கடைகளில் ஆடிக்காட்டி விற்றவர். அதே சியாட்டில் நகரில் 1996-இல் ஜேம்ஸ் எர்னஸ்ட் என்பவர் 'சீப்பாஸ் கேம்ஸ்' தொடங்கினார். பகடையும் காய்களும் எல்லார் வீட்டிலும் கிடக்கின்றனவே என்று, அவை இல்லாமலே மலிவாக விளையாட்டுகளை விற்றார். கையில் காசில்லாதவன் விலையைக் குறைப்பதும் ஒரு விளம்பரம்தான்.

இதையெல்லாம் சொல்லித்தான் அண்ணன் மகனைக் கிளப்பினேன். முதல் வேலையாக ஆங்கிலத்தில் மட்டும் இருந்த விதிமுறைத் தாளைத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் எழுதி ஜெராக்ஸ் எடுத்தோம். மூன்று மொழியும் புழங்கும் ஊரில் ஆங்கிலத்தில் மட்டும் விதி எழுதியது எங்கள் முட்டாள்தனம்.

பிறகு ஆறு பெட்டிகளைப் பிரித்து மாதிரிக்கென்று ஒதுக்கினோம். ஞாயிறு மாலை அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு மேசை போட்டோம். பொம்மைக் கடைக்காரருக்கு விதிமுறை படிக்க நேரமில்லை. அதனால் கல்லாப் பக்கத்தில் பலகையைத் திறந்தே வைத்தோம். புக்கிங் ஆபீசில் ஒரு பெட்டி வைத்தேன். லோடு கிடைக்கக் காத்திருந்த டிரைவர்கள் ஆட ஆரம்பித்தார்கள். ஒருவர் கத்தினார்: "அண்ணா, நிஜத்துல ரெண்டு நாள் நின்னேன், இங்கயும் நிக்கணுமா?" அந்த ஒரு வரி 40,000 ரூபாய் விளம்பரத்தைவிட எங்களுக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது.

அடுத்து ஆயுத பூஜை. சிப்காட் பக்கம் சின்னப் பட்டறை முதலாளிகள்கூடத் தொழிலாளிகளுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் ஏதாவது கொடுப்பார்கள். பெட்டிமேல் அவரவர் பட்டறைப் பெயரை ஸ்டிக்கர் அடித்து ஒட்டித் தருகிறோம் என்றோம். 140 பெட்டி அப்படியே போயிற்று.

இன்றைய கணக்கு: விற்றது 376, மாதிரிக்குப் போனது 6, கட்டிலுக்கடியில் 118. கடைக் கழிவு, மொத்த விலைத் தள்ளுபடி எல்லாம் போகச் சராசரியாகப் பெட்டிக்கு 425 ரூபாய் கைக்கு வந்தது. அசல் ஏறக்குறையத் தேறிவிட்டது. அவன் உழைப்புக்கு ஒரு பைசா இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

"மேசை போட்டு ஆடினா ஒரு நாளைக்கு இருபது பேரைத்தான் பிடிக்க முடியும் சித்தப்பா, இப்படியே போனா எப்ப வளர்றது?" என்று கேட்கிறான். நியாயமான கேள்வி. 5,000 பெட்டி அடிக்கும் நாள் வந்தால் விளம்பரத்துக்கும் செலவழிக்கத்தான் வேண்டும். ஆனால் ஆடியவர்கள் அடுத்தவருக்குச் சொல்லாத விளையாட்டை எந்த விளம்பரமும் தூக்கி நிறுத்தாது. 500 விற்கும்போதே அதைத் தெரிந்துகொள்வது நல்லது. 5,000 அடித்துவிட்டுத் தெரிந்துகொண்டால் கட்டில் போதாது, தனியாகக் கொட்டகை போட வேண்டும்.

அடுத்த விளையாட்டுக்கு மறுபடி பணம் கேட்டிருக்கிறான். தருகிறேன் என்றேன். ஒரே ஒரு நிபந்தனை: அச்சகத்துக்குப் போகும் முன்னால், கையால் வரைந்த அட்டையை வைத்து நூறு வீட்டில் ஆடிவிட்டு வரவேண்டும். முதல் வீடு எங்கள் வீடு. எதிரில் உட்கார்ந்து ஆடப்போவது, இரண்டு நாள் பேசாமல் இருந்த வீட்டுக்காரம்மா.